கீழ்முதுகு மூட்டுத் தேய்மானம்: பத்து நாள் பிசியோதெரபி முடிந்த பிறகு என்ன செய்வது?

மாம்பலம் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 62. மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் கணவருடன் வசிக்கிறேன். 31 ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். வாழ்க்கையின் பாதியைக் கரும்பலகைக்கு முன்னால் நின்றே கழித்திருக்கிறேன் என்று சொன்னால் மிகையாகாது. கடந்த இரண்டு ஆண்டுகளாக எனக்குக் கீழ்முதுகில் வலி இருக்கிறது. காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் இடுப்பு இறுகிக் கிடக்கும். சமையலறையில் நடமாடத் தொடங்கியதும் தளர்ந்துவிடும். ஆனால் அடுப்பருகில் அரை மணி நேரம் தொடர்ந்து நின்றாலோ, மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்து கையை உயர்த்தினாலோ, இடுப்பின் இரு பக்கமும் முறுக்கிப் பிடிப்பதுபோல் வலி வருகிறது. சில நாள் அது பிட்டத்துக்கும் தொடையின் பின்புறத்துக்கும் இறங்கும். முழங்காலைத் தாண்டிச் சென்றதில்லை. உட்கார்ந்தால் குறைந்துவிடும்.

எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்தாயிற்று. கீழ்முதுகின் கடைசி இரண்டு அடுக்குகளான எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற இடங்களில், ஃபேசெட் எனப்படும் பின்பக்கச் சிறு மூட்டுகளில் ஆர்த்ரைட்டிஸ் இருப்பதாகவும், அங்கு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குகள் நீர் வற்றித் தேய்ந்திருப்பதாகவும், ஓரங்களில் சிறு எலும்பு முளைகள் வளர்ந்திருப்பதாகவும் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். எலும்பு மருத்துவர் என்னைப் பரிசோதித்துவிட்டு, நரம்பு அழுந்தவில்லை, அறுவை சிகிச்சை தேவையில்லை, பிசியோதெரபி செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பினார்.

வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு மையத்தில் பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், அதாவது வலிக்கும் இடத்தில் மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சினார்கள். சூடு கொடுக்கும் கருவியையும் வைத்தார்கள். வைத்த அன்று சுகமாக இருந்தது. மறுநாள் காலை பழையபடியே ஆகிவிட்டது. அந்தப் பத்து நாளில் ஒருவரும் என்னை நடக்கவோ குனியவோ சொல்லிப் பார்க்கவில்லை என்பது இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கடைசி நாளில் 12 படங்கள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் செய்யுங்கள் என்றார்கள். முதல் படமே குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி மார்பை நிமிர்த்துவது, புஜங்காசனம் போன்றது. அதை மூன்று நாள் செய்ததில் வலி இரட்டிப்பாகிவிட்டது. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

இன்னொரு பத்து நாள் கரண்ட் வைத்துக்கொள்ளலாமா, இடுப்பு பெல்ட்டை நாள் முழுவதும் அணியலாமா, தேய்ந்த மூட்டுக்கு உடற்பயிற்சி கொடுத்தால் மேலும் தேயாதா என்பவை என் ஐயங்கள். விடியற்காலையில் வாசலில் கோலம் போடுவதை விட்டுவிடச் சொல்கிறார் கணவர். அது ஒன்றை மட்டும் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர்

அம்மா, வணக்கம். அரசு மருத்துவமனையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. இருந்தாலும் நீங்கள் வலியை விவரித்திருக்கும் விதம் தெளிவாக இருப்பதால் பலவற்றைச் சொல்ல முடிகிறது.

முதலில் அந்த மூட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று அடுக்கியிருக்கும் முள்ளெலும்புகளில், பெரும்பாலும் ஒவ்வோர் அடுக்கும் ஒரு முக்காலியைப் போல நிற்கிறது. முன்பக்கம் டிஸ்க் ஒரு கால். பின்பக்கம் வலப்புறமும் இடப்புறமும் இருக்கும் இரண்டு சிறிய ஃபேசெட் மூட்டுகள் மற்ற இரண்டு கால்கள். வயது ஏற ஏற டிஸ்க்கில் நீர் வற்றி அதன் உயரம் குறையும்போது, முன்காலின் சுமையில் ஒரு பங்கு பின்கால்களுக்கு மாறுகிறது. முழங்கால் மூட்டைப் போலவே இவற்றுக்கும் குருத்தெலும்பும் மூட்டு நீரும் உண்டு என்பதால், முழங்கால் தேய்வதைப் போலவே இவையும் தேய்கின்றன. பின்னால் வளையும்போதும், நெடுநேரம் நிற்கும்போதும், அண்ணாந்து கையை உயர்த்தும்போதும் இந்தப் பின்மூட்டுகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொள்கின்றன. உட்காரும்போதும் இலேசாக முன்னால் சாயும்போதும் விலகி இளைப்பாறுகின்றன. நீங்கள் எழுதியிருக்கும் வலி அச்சாக இந்த வகையைச் சேர்ந்தது. புஜங்காசனம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதற்கும் இதுவே காரணம். டிஸ்க் பின்னால் பிதுங்கியவர்களில் பலருக்கு அந்தப் பயிற்சி நல்ல நிவாரணம் தருகிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த ராபின் மெக்கன்சி என்ற இயன்முறை மருத்துவர் 1950-களில் தொடங்கிப் புகழ்பெறச் செய்த முறை அது. உங்களுக்குப் பொருந்தாத தாளை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் நடந்திருக்கிறது. அதனால் உடற்பயிற்சியே ஆகாது என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

அறிக்கையைப் படித்து நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியானது. அதில் 60 வயதுக்காரர்களில் 88 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானமும், 50 சதவீதத்தினருக்கு ஃபேசெட் மூட்டுத் தேய்மானமும் இருந்தன. அவர்களுக்கு வலி இல்லை. ஆகவே படத்தில் தெரியும் தேய்மானம் அப்படியே இருக்க, வலி குறைந்து நன்றாக நடமாட முடியும். அப்படி நடமாடியவர்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். பயிற்சி செய்தால் மூட்டு மேலும் தேயுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குருத்தெலும்புக்குத் தனியாக இரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசையும்போது மூட்டு நீர் உள்ளே சென்று வெளியேறுவதால்தான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. அசையாமல் வைத்திருப்பது அதைப் பட்டினி போடுவதாகும்.

கரண்ட் வைப்பதைப் பற்றி என் கருத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன். நானே ஆயிரக்கணக்கானவர்களுக்கு வைத்தவன். சூடும் கரண்டும் சில மணி நேரம் வலியைத் தணிக்கலாம்; அந்த நேரத்தில் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தால் பயன் உண்டு, வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் இல்லை. சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட கீழ்முதுகுவலி வழிகாட்டுதல் கரண்ட், அல்ட்ராசவுண்ட் என்ற ஒலியலைச் சிகிச்சை, முதுகை இழுத்து நீட்டும் டிராக்‌ஷன், இடுப்பு பெல்ட் ஆகிய நான்கையும் அளிக்க வேண்டாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் நாட்பட்ட கீழ்முதுகுவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையே சொல்லி, உடற்பயிற்சியையும் நோயைப் பற்றிய விளக்கத்தையும் முன்னிறுத்துகிறது. எனவே இன்னொரு பத்து நாளுக்குச் செலவழிக்கும் பணத்தில், உங்களை நடக்கவிட்டு, குனியவிட்டு, தொட்டுப் பார்த்துப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ஒருவரிடம் இரண்டு மூன்று முறை செல்லுங்கள். மாம்பலத்திலிருந்து கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் தொலைவில்லை. கிண்டியில் 2024-ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. படி இறங்க முடியாத அளவுக்கு வலி உள்ளவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு.

இனி நீங்கள் நாளையே தொடங்கக்கூடியது. கட்டிலில் மெத்தை புதைவதாக இருந்தால் தரையில் பாயோ ஜமக்காளமோ விரித்துக்கொள்ளுங்கள். தரையில் இறங்குவது சிரமம் என்றால் பலகைக் கட்டில் போதும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொண்டு, ஒரு கையை இடுப்புக்கும் பாய்க்கும் இடையில் நுழையுங்கள். அங்கே ஓர் இடைவெளி இருக்கும். அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, அந்த இடைவெளி மறைந்து முதுகு உங்கள் கையை இலேசாக அழுத்தும்படி செய்யுங்கள். மூச்சை அடக்காமல் ஐந்து வரை எண்ணிவிட்டு விடுங்கள். காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் கை அழுத்தப்படுவதை உங்களால் உணர முடிகிற வரையில் அடுத்த பயிற்சிக்குப் போக வேண்டாம். மற்றவை எல்லாம் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கின்றன. அது கைவந்த பின் ஒரு முழங்காலை மட்டும் இரு கைகளாலும் மார்பை நோக்கி இழுத்துப் பதினைந்து நொடி வைத்து, பிறகு மறு காலை இழுங்கள். இரண்டாவது வாரத்தில் பிட்டத்தைப் பாயிலிருந்து உயர்த்தும் பாலப் பயிற்சியைச் சேர்க்கலாம். உயர்த்தும்போது முதுகு வில்லாக வளையக்கூடாது. தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே சரிவாக இருந்தால் போதும். மூன்றாவது வாரத்தில், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி ஒரு காலையும் எதிர்ப்பக்கக் கையையும் நீட்டும் பயிற்சி. எழுந்திருக்கும்போது நேராக எழாமல் ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பு அடர்த்தி இழந்து எளிதில் முறியும் எலும்புப் புரை வரும் வாய்ப்பு அதிகம். அது இருப்பவர்கள் முதுகை வளைத்துக் குனியும் பயிற்சிகளைச் செய்தால் முள்ளெலும்பு நொறுங்கும் அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு ஒன்று 1984-லேயே காட்டியிருக்கிறது. ஆகவே எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா ஸ்கேனை ஒரு முறை எடுத்துவிடுங்கள். அதுவரை இரண்டு முழங்கால்களையும் ஒன்றாக மார்புக்கு இழுப்பது, எழுந்து உட்கார்ந்து கால் விரலைத் தொடுவது ஆகியவற்றைத் தொடவே வேண்டாம்.

பெல்ட்டைப் பயணத்தின்போது ஓரிரு மணி நேரம் அணிவதில் குற்றமில்லை; நாள் முழுவதும் அணிவது தசைகளைச் சோம்பேறியாக்கும். வெந்நீர் ஒத்தடம் பதினைந்து நிமிடம் கொடுக்கலாம். சர்க்கரை நோய் இருந்து தோலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்த்த பின் வையுங்கள். ஒத்தடத்தால் தோல் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலி மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் சாப்பிட வேண்டாம். இந்த வயதில் சிறுநீரகமும் இரைப்பையும் இரத்த அழுத்தமும் அதற்கு விலை கொடுக்கும்.

சிறுநீர் வராமல் நின்றுபோவது அல்லது தெரியாமல் கசிவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, காலில் போட்ட செருப்பு நழுவுவதே தெரியாமல் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் முதுகுவலியோடு சேர்ந்து வந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். சேத்துப்பட்டில் 1956 முதல் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கும் ஊர் நம் ஊர். அப்படியிருந்தும் அந்த நோயைச் சாதாரண இடுப்பு வலி என்று நினைத்து மாதக் கணக்கில் தைலம் தேய்த்துவிட்டு வந்தவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உங்களுக்கு இவற்றில் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கோலத்தை விட வேண்டாம். இடுப்பிலிருந்து தொங்கியபடி போடுவதை மட்டும் விடுங்கள். சிறு மணையில் உட்கார்ந்தோ, ஒரு முழங்காலை ஊன்றியோ போடுங்கள். கையை எட்டி நீட்டாமல் மணையை நகர்த்துங்கள். எழுந்த உடனே போடாமல், அரை மணி நேரம் நடமாடிய பின் போடுங்கள்.

பெரம்பூர்க்காரர்

சகோதரி, நான் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு 69 வயது நடக்கிறது. உங்கள் நோயின் அடுத்த கட்டம் என்று சொல்லத்தக்க ஒன்று எனக்கு இருக்கிறது. மூட்டு தடித்து, சவ்வு தடித்து, நரம்பு செல்லும் பாதை குறுகிவிட்டது. நடக்கத் தொடங்கி இருநூறு மீட்டரில் இரண்டு கால்களும் ஈயத்தை ஊற்றியதுபோல் கனத்துவிடும். ஒரு தேநீர்க் கடைப் பலகையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் போதும், மறுபடி நடக்கலாம். வெறுமனே நின்றால் போகாது, உட்கார வேண்டும் அல்லது குனிய வேண்டும். இரத்தக் குழாய் அடைப்பால் வரும் கால் வலி என்றால் நின்றாலே குறைந்துவிடும் என்று மருத்துவர் எனக்கு வேறுபாட்டை விளக்கினார்.

நான் சொல்ல வந்தது வேறு. நடக்க முடியவில்லையே என்று ஆறு மாதம் வீட்டிலேயே கிடந்தேன். அந்த ஆறு மாதத்தில் தொடைகள் மெலிந்து, வேட்டி நிற்காத நிலைக்கு வந்துவிட்டேன். ஓர் இடத்தில் டிராக்‌ஷன் போட்டு இழுத்ததில் வலி கூடியது. பிறகு ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட், மிக்க பொறுமைசாலியான பெண், என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, சைக்கிள் ஓட்டினால் வலிக்கிறதா?" என்பது. யோசித்துப் பார்த்தேன், வலிப்பதில்லை. ஹேண்டில்பாரின் மேல் சாய்ந்து ஓட்டும்போது முதுகு முன்னால் சாய்ந்திருப்பதால் பாதை அகலமாகிறது என்று விளக்கினாள். அதன் பிறகு காலை ஐந்தரை மணிக்கு, வண்டிகள் வருவதற்கு முன், பழைய சைக்கிளில் இருபது நிமிடம் போய் வருவது என் வழக்கமாகிவிட்டது. நடைக்கு ஒரு தள்ளுவண்டிக் கூடையை வாங்கிக்கொண்டேன். காய்கறி வாங்கும் சாக்கில் அதன் மேல் சாய்ந்தபடி நடக்கிறேன். இருநூறு மீட்டர் இன்று ஒரு கிலோமீட்டராக ஆகியிருக்கிறது. அதற்கு ஓராண்டு பிடித்தது. பத்து நாளில் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவரை எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

பேருந்தில் போவதானால் பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகளில் உட்காராதீர்கள். நம் தெருக்களின் வேகத்தடைகளில் அங்கே தூக்கிப் போடுவதைப்போல் வேறு எங்கும் போடாது. குடத்தை இடுப்பில் வைப்பதையும் விட்டுவிடுங்கள். இரண்டு சிறிய வாளிகளில் பாதியளவு பிடித்து இரு கைகளிலும் சமமாகத் தூக்குங்கள்.

பழைய மகாபலிபுரம் சாலை

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 36 வயது, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. உங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள் உங்களுக்கு முற்றிலும் பொருந்தும். எனினும் இதே தலைப்பைத் தேடிக்கொண்டு இங்கே வரும் இளைஞர்களுக்காக ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முதுகெலும்பு ஆர்த்ரைட்டிஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. உங்களுக்கு இருப்பது வயதோடு வரும் தேய்மானம். எனக்கு இருப்பது உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். இது பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும்.

எனக்கு 24 வயதில் தொடங்கியது. அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு முதுகுவலியால் விழிப்பு வந்துவிடும். படுத்திருக்க முடியாமல் மொட்டை மாடிக்குப் போய் நடப்பேன்; நடந்தால் குறையும். விடிந்து எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குமேல் முதுகு கட்டைபோல் இருக்கும். சில வாரம் வலப் பிட்டத்தில் வலிக்கும், சில வாரம் இடப் பிட்டத்தில். உட்கார்ந்தே வேலை செய்வதால் வந்த டிஸ்க் கோளாறு என்று சொல்லி, ஓய்வெடுக்கும்படி ஏழு ஆண்டுகள் அறிவுரை கூறினார்கள். எனக்கோ ஓய்வெடுத்தால்தான் வலி கூடியது! கடைசியில் ஒரு நாள் கண் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனபோது, கண் மருத்துவர்தான் முதுகுவலி உண்டா என்று கேட்டார். அவர் வாத நோய் மருத்துவரிடம் அனுப்பி, இடுப்புக்கூட்டு மூட்டுகளை எம்.ஆர்.ஐ. எடுத்து, இந்த நோயோடு தொடர்புடைய மரபுக்கூற்றைப் பார்க்கும் எச்.எல்.ஏ.-பி27 இரத்தப் பரிசோதனையும் செய்த பின்னர் நோய் உறுதியாயிற்று. ஓய்வில் குறைந்து நிற்பதில் கூடும் வலி வேறு. ஓய்வில் கூடி அசைவில் குறையும் வலி வேறு. இந்த ஒரு வேறுபாட்டை யாராவது எனக்கு 24 வயதில் சொல்லியிருந்தால், ஏழு ஆண்டுகள் வீணாகியிருக்காது.

எனக்கான பயிற்சிகள் உங்களுடையவற்றுக்கு நேர் எதிரானவை. இந்த நோய் முதுகை முன்னால் கூனச் செய்து அப்படியே இறுக்கிவிடும் என்பதால், நிமிர்வதும் பின்னால் வளைவதும் எனக்கு மருந்து. நாள்தோறும் பதினைந்து நிமிடம் குப்புறப் படுத்திருக்கிறேன். உயரமான தலையணையைக் கைவிட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மாதத்தின் முதல் நாளில் குதிகாலையும் முதுகையும் சுவரோடு ஒட்டி நின்று, பின்தலை சுவரைத் தொடுகிறதா என்று பார்க்கிறேன். தையல்காரர் நாடாவை மார்பைச் சுற்றிப் பிடித்து, மூச்சை முழுவதும் விட்ட அளவையும் முழுவதும் இழுத்த அளவையும் எழுதி வைக்கிறேன். விலா மூட்டுகள் இறுகினால் அந்த வேறுபாடு குறையும். பயிற்சியோடு மருந்தும் தேவைப்படும் நோய் இது. எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் ஊசியைத் தொடங்குவதற்கு முன் உடலில் காசநோய்க் கிருமி மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் சோதிப்பார்கள். அதை யாரும் தட்டிக் கழிக்க வேண்டாம்.

மாம்பலம் தமிழாசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரங்களுக்குப் பின் திரும்பி எழுதுகிறேன். முதல் வாரம் முழுவதும் கையை முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு பயிற்சியை மட்டுமே செய்தேன். நான்காம் நாள்வரை என் கை அழுத்தப்படுவதாகவே தெரியவில்லை; ஐந்தாம் நாள் காலை விரல்கள் பாய்க்கும் முதுகுக்கும் நடுவே சிக்கிக்கொண்டபோது, முதன்முதலில் ஒரு குழந்தை 'அ' எழுதியதைப் பார்த்த மகிழ்ச்சி எனக்கு ஏற்பட்டது. இப்போது அடுப்பருகில் முக்கால் மணி நேரம் நிற்க முடிகிறது. பெரம்பூர் ஐயா சொன்ன வாளி முறையும் நடைமுறைக்கு வந்துவிட்டது. கோலம் மணையில் உட்கார்ந்து போடப்படுகிறது. இழைக் கோலம் சற்றுச் சிறுத்திருக்கிறது, நின்றுவிடவில்லை.

ஒரு பின்னடைவும் நேர்ந்தது. சென்ற வாரம் உற்சாகத்தில் பாலப் பயிற்சியைப் பத்திலிருந்து ஒரேயடியாக முப்பதாக உயர்த்தினேன்; அன்றே பரணில் இருந்த பாத்திரங்களையும் இறக்கித் துலக்கினேன். இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. மறுபடி கெடுத்துக்கொண்டேனோ என்ற அச்சத்தில் மூன்று நாளாக எதுவும் செய்யவில்லை.

டெக்சா ஸ்கேனும் எடுத்துவிட்டேன். இடுப்பு முள்ளெலும்பில் டி-ஸ்கோர் மைனஸ் 1.9 என்று வந்திருக்கிறது. இதற்கு என்ன பொருள், பயிற்சிகளில் எதையேனும் மாற்ற வேண்டுமா என்று ஐயா கூறினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர்

அம்மா, நீங்கள் எதையும் கெடுத்துக்கொள்ளவில்லை. தசை தன் அளவுக்கு மீறி வேலை செய்து நொந்திருக்கிறது, அவ்வளவுதான். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி முன்பிருந்ததைவிடக் கூடுதலாக இருந்தால், அன்றைய அளவு அதிகம் என்று கொள்ளுங்கள். மறுநாள் பாதியாகக் குறையுங்கள், முழுவதும் நிறுத்தாதீர்கள். நாளைக் காலை முதல் பயிற்சியைப் பத்து முறையும், பாலத்தை ஐந்து முறையும் செய்து தொடங்குங்கள். எண்ணிக்கையை ஒரு வாரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் கூட்ட வேண்டாம். பரணைத் தொடுவதையும் புதிய பயிற்சியைச் சேர்ப்பதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் எலும்பின் அடர்த்தியை இளம் வயதினருடையதோடு ஒப்பிடும் அளவுதான் டி-ஸ்கோர். அது மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்தால் எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது என்றும், மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப் புரை என்றும் வகுத்திருக்கிறார்கள். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். அறிக்கையை உங்கள் எலும்பு மருத்துவரிடம் காட்டி, வைட்டமின் டி அளவையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். பயிற்சியைப் பொறுத்தவரை ஒற்றை முழங்காலை மெதுவாக இழுப்பதை, வலி இல்லாதவரை, தொடரலாம். இரட்டை முழங்காலும் கால் விரலைத் தொடுவதும் உங்களுக்கு இனி வேண்டியதில்லை. எலும்பின் மேல் உடல் எடை விழுவதும் அதற்கு நல்லது என்பதால், நடேசன் பூங்காவில் காலை ஆறு மணிக்குள் இருபது நிமிட நடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெரினா பக்கம் போனால் மணலில் இறங்காமல் நடைபாதையிலேயே நடங்கள். கால் புதையும் இடத்தில் இடுப்பு இருபுறமும் ஆடும்.

அத்துடன் குனியும் விதத்தையும் இப்போது பழகிவிடலாம். ஒட்டடைக் கம்பை முதுகோடு சேர்த்து நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மறு கை இடுப்புக்குப் பின்னால். கம்பு பின்தலையையும், தோள்பட்டைகளின் நடுவையும், வால் எலும்பையும் தொட வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கி, பின்னால் இருக்கும் நாற்காலியில் உட்காரப் போவதுபோல் பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனியுங்கள். கம்பு அந்த மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றை விட்டு விலகினால் முதுகு வளைகிறது என்று பொருள். அந்த இடத்திலேயே நின்று நிமிர்ந்து, மறுபடி தொடங்குங்கள். கம்பு விலகாமல் எட்டு முறை குனிய முடிகிற நாளில் எனக்கு எழுதுங்கள். வாளியைத் தரையிலிருந்து எடுப்பதை அதன் பிறகு பார்ப்போம்.